ஜி.ஏ.டி.-பி வழியாக உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு: புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இளநிலை அறிவியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் அல்லது பொறியியல் முடிக்கும் மாணவர்கள் உயிரித் தொழில்நுட்பத்தில் மேற்படிப்பு படிக்க விரும்பினால், அதிகம் பேசப்படாத ஆனால் மிகவும் பயனுள்ள ஒரு வழி உண்டு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அதாவது டி.பி.டி., நாடு முழுவதும் பல பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் நடைபெறும் முதுநிலைப் படிப்புகளுக்கு நிதி அளிக்கிறது. அந்தப் படிப்புகள் அனைத்துக்கும் பொதுவாக நடத்தப்படும் நுழைவுத் தேர்வே ஜி.ஏ.டி.-பி. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வு வேறு, இது வேறு. பெயரின் ஒலி ஒத்திருப்பதால் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதன் பாடத்திட்டத்தைப் படிப்பவர்கள் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் தெரிந்தால் மற்றவை எளிதில் புரியும். 1982-இல் தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியம் அமைக்கப்பட்டு, 1986-இல் அது தனித் துறையானபோது, இந்தத் துறையில் ஆய்வகங்களை நிறுவப் பணம் ஒதுக்குவதைவிட அவற்றில் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தேடுவதே பெரிய சிக்கலாக இருந்தது. எனவே மதுரை காமராசர் பல்கலைக்கழகம், டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் ஆளுருவாக்கத்துக்கென்றே முதுநிலைப் படிப்புகள் தொடங்கப்பட்டன. பின்னர் அது வேளாண்மை, கால்நடை, கடல்சார் அறிவியல், கணினிவழி உயிரியல் எனக் கிளை பரப்பியது. நெடுங்காலம் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமே இதற்கான பொது நுழைவுத் தேர்வை நடத்தி வந்தது. 2020 முதல் பொறுப்பு பரிதாபாத்தில் உள்ள உயிரித் தொழில்நுட்பத்துக்கான மண்டல மையத்துக்கு, அதாவது ஆர்.சி.பி.க்கு, மாறியது, தேர்வை அதன் சார்பில் தேசியத் தேர்வு முகமை கணினிவழி நடத்துகிறது. ஆர்.சி.பி. யுனெஸ்கோவின் ஆதரவுடன் அமைந்த நிறுவனம்; 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியும் பெற்றது.

தேர்வுதான் பொது, சேர்க்கை பொது அன்று. இந்த ஒரு செய்தி மட்டும் மனத்தில் நின்றால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். பொறியியல் படிப்புகளுக்கான கலந்தாய்வைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு மாணவர்கள், மதிப்பெண் வந்ததும் எங்கிருந்தோ அழைப்பு வரும் என்று காத்திருப்பது வழக்கம். அப்படி எந்த அழைப்பும் வராது. மையக் கலந்தாய்வு கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே, அதன் கடைசித் தேதிக்குள், அதன் விண்ணப்பப் படிவத்தில், பெரும்பாலும் தனிக் கட்டணம் செலுத்தி, ஜி.ஏ.டி.-பி மதிப்பெண்ணைக் குறிப்பிட்டு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் படி: எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்தல்

பெரும்பாலோர் தேர்வு எழுதி முடித்த பிறகே கல்லூரியைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் இந்தப் படிப்புகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல; பல இடங்களில் அந்தந்த வட்டாரத்தின் தேவையை ஒட்டியே பாடம் அமைந்திருக்கிறது. கோவா பல்கலைக்கழகத்தில் கடல்சார் உயிரித் தொழில்நுட்பம், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் உத்தராகண்டின் பந்த்நகரிலும் வேளாண் உயிரித் தொழில்நுட்பம், அசாமின் தேஜ்பூரில் மூலக்கூறு உயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும், புதுச்சேரியில் கணினிவழி உயிரியல் என்று அவை விரிகின்றன. பட்டத்தின் பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகள் கழித்து உங்கள் கையில் இருக்கும் திறன் ஒன்றாக இருக்காது.

வேலைவாய்ப்பும் அப்படித்தான் வட்டாரவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஐதராபாத்தை ஒட்டிய ஜீனோம் பள்ளத்தாக்கிலும் புனேயிலும் தடுப்பூசித் தயாரிப்பு வலுவாக இருக்கிறது. பாரத் பயோடெக், பயாலஜிக்கல் இ, சீரம் இன்ஸ்டிடியூட் ஆகிய பெயர்களைக் கொரோனா காலத்தில் அனைவரும் கேட்டிருப்பீர்கள். பெங்களூரில் பயோகான், சின்ஜீன் போன்ற நிறுவனங்களில் உயிரிவழி மருந்துகளும் ஒப்பந்த ஆய்வும் நடக்கின்றன. சென்னையில் தரமணி டைசல் உயிரித் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றிய ஆய்வு நிறுவனங்களும், மருத்துவத் தரவு, மருந்து ஒழுங்குமுறை ஆவணம் சார்ந்த அலுவலகங்களும் இருக்கின்றன. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை பயிரிடும் மாவட்டங்களில் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேவை குறையவில்லை.

பலரும் கவனிக்காத ஓர் எடுத்துக்காட்டையும் சொல்கிறேன். மரக்காணத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் பல உள்ளன. தாய் இறாலையும் குஞ்சுகளையும் விற்பதற்கு முன் வெண்புள்ளி வைரசு இருக்கிறதா என்று, டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதிக்க வேண்டும். மாதிரியை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கலவை தயாரித்து, கருவியில் ஏற்றி, அன்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். குளத்தில் விட வேண்டிய குஞ்சுகள் தொட்டியில் காத்திருக்கும். இந்த வேலைக்கு முனைவர் பட்டம் தேவையில்லை, ஆனால் மாசுபடாமல் பி.சி.ஆர். செய்யத் தெரிந்த கை தேவை. மருந்து நிறுவனங்கள் மட்டுமே உயிரித் தொழில்நுட்பம் என்று எண்ணுபவர்கள் இப்படிப்பட்ட வேலைகளை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

எனவே ஒரு தாளில் மூன்று துறைகளை எழுதுங்கள். அவற்றுக்கு எந்த ஊரில் ஆள் எடுக்கிறார்கள், அந்த ஊருக்கு அருகில் டி.பி.டி. நிதி பெறும் எந்தப் படிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பங்கேற்கும் நிறுவனங்களின் பட்டியலும் ஒவ்வொன்றிலும் உள்ள இடங்களும் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சீனியர் ஒருவர் அனுப்பிய பழைய கோப்பை நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: தகுதியும் விண்ணப்பமும்

இளநிலை இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வை எழுதுவதற்கான தகுதியும் ஒரு குறிப்பிட்ட படிப்பில் சேர்வதற்கான தகுதியும் வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பத்துக்கு அறிவியல் பட்டம் போதும் என்று ஓர் இடத்தில் இருக்கும். இன்னோர் இடத்தில் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று இருக்கும். எம்.வி.எஸ்சி.க்குக் கால்நடை மருத்துவப் பட்டமும், எம்.டெக்.கிற்கு அந்த நிறுவனம் குறிப்பிடும் பொறியியல் அல்லது அதற்கு இணையான பட்டமும் தேவை. குறைந்தபட்ச மதிப்பெண் பெரும்பாலும் 55 அல்லது 60 விழுக்காடு என்று இருக்கும். உங்கள் கல்லூரி கிரேடு புள்ளியாகக் கொடுத்திருந்தால் அதை விழுக்காடாக மாற்றும் கணக்கைப் பல்கலைக்கழகத்திடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வு கடந்த சில ஆண்டுகளாக ஏப்ரல், மே மாதங்களில் நடைபெற்று வருகிறது. விண்ணப்பம் அதற்கு ஓரிரு மாதங்கள் முன்பே திறக்கும். அதே அறிவிப்பில் பி.இ.டி. என்னும் இன்னொரு தேர்வும் சேர்ந்தே வரும். அது முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கானது, முதுநிலை முடித்தவர்களுக்குரியது. விண்ணப்பத்தில் தேர்வைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு சிக்கல் இல்லை.

மூன்றாம் படி: சாதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்தல்

தமிழ்நாட்டு மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனித்தனிப் பிரிவுகளுடன் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. மத்திய அரசு முறையில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 எனக் கூட்டுத்தொகை 49.5 விழுக்காடு, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு அதற்கு மேல். மத்திய நிதியில், மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் படிப்புக்கு எந்த முறை பொருந்தும் என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் டி.பி.டி. நிதியில் நடந்த எம்.டெக். உயிரித் தொழில்நுட்பம், எம்.டெக். கணினிவழி உயிரியல் ஆகிய இரு படிப்புகளுக்கு 2020-21 கல்வியாண்டில் இந்தக் குழப்பத்தாலேயே சேர்க்கை இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக, அந்த ஆண்டுக்கு மட்டும் 49.5 விழுக்காட்டு முறையில் சேர்க்கை நடத்துமாறு 2021 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. கல்வியாண்டின் பெரும்பகுதி அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

எனவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எந்த இடஒதுக்கீட்டைப் பின்பற்றுகிறது என்பதை அதன் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநில அரசின் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அட்டையை வைத்துக்கொண்டு மத்திய இதர பிற்படுத்தப்பட்டோர் இடத்தைக் கோர முடியாது. அதற்கு மத்திய அரசு படிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேர்ந்தவர் அல்லர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை முடிந்து கைக்கு வரக் காலம் பிடிக்கும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்றாலும், அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசுப் பதவியில் இருப்பவர்களுக்குப் பதவியின் நிலையை வைத்துத் தனியே விதி உண்டு. இது தெரியாமல், அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தமக்குத் தகுதியில்லை என்று தாமே ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். சான்றிதழில் உள்ள தேதி நடப்பு நிதியாண்டுக்குள் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும்; ஏப்ரலுக்குப் பிறகு வாங்குவது பாதுகாப்பானது.

நான்காம் படி: தேர்வுக்குத் தயாராதல்

தேர்வு மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில் மட்டும். வினாத்தாள் இரண்டு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதியில் பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றிலிருந்து 60 வினாக்கள், அனைத்தும் கட்டாயம், சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. இரண்டாம் பகுதியில் பட்டப்படிப்பு அளவில் 100 வினாக்கள் தரப்படும். அவற்றில் 60-க்கு மட்டும் விடையளித்தால் போதும். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. மொத்தம் 240. அந்த ஆண்டின் தேர்வுக் கையேட்டில் மாற்றம் ஏதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

240-இல் 180 மதிப்பெண் இரண்டாம் பகுதியில் இருப்பதால் உழைப்பின் பெரும்பகுதி அங்கே போக வேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் கழிவு மதிப்பெண்ணின் கணக்கு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. நான்கு விடைகளில் எதுவென்றே தெரியாமல் குருட்டாம்போக்கில் குறித்தால், முதல் பகுதியில் சராசரியாக வினாவுக்கு எட்டில் ஒரு மதிப்பெண் நட்டம். இரண்டாம் பகுதியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் முதல் பகுதியில் கணக்கு சமன். இரண்டாம் பகுதியில் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் இரண்டாம் பகுதியில் சராசரியாக ஒரு முழு மதிப்பெண்ணே கிடைக்கும். ஆகவே முதல் பகுதியில் இரண்டு விடைகளையாவது நீக்க முடியாத வினாவை விட்டுவிடலாம். இரண்டாம் பகுதியில் ஒன்றை நீக்க முடிந்தாலே துணிந்து குறிக்கலாம். 100 வினாக்களையும் ஒருமுறை வேகமாகப் படித்துத் தெரிந்தவற்றை முடித்த பிறகே இந்தத் துணிச்சலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் உயிரியல் பிரிவில் படித்தவர்கள் முதல் பகுதியைக் கண்டு மிரள்வது இயல்பு. நுண்கணிதம் முழுவதையும் புதிதாகக் கற்க முயல்வதில் பயனில்லை. நிகழ்தகவு, மடக்கை, அணிகள், எளிய வகையீடு, புள்ளியியல் ஆகியவற்றை மாநிலப் பாடநூலிலிருந்தோ என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்தோ அடிப்படை அளவில் படித்தால் போதும். வேதியியலும் உயிரியலும் உங்கள் பலம். அங்கே மதிப்பெண்ணை விடாதீர்கள். தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள் கருத்தைப் புரிந்திருந்தும் ஆங்கிலக் கலைச்சொல்லில் தடுமாற வாய்ப்புண்டு. பிளஸ் டூ பாடநூலின் இரு மொழிப் பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்ல பலன் தரும்.

இரண்டாம் பகுதிக்கு உயிர் வேதியியல், மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், நுண்ணுயிரியல், மரபியல், நோயெதிர்ப்பியல், மரபணுப் பொறியியல் ஆகியவை அடித்தளம். நொதித்தல் தொழில்நுட்பம், உயிர்த் தகவலியல், தாவரத் திசு வளர்ப்பு ஆகியவற்றிலிருந்தும் வினாக்கள் வரும். 100-இல் 60 போதும் என்பதால் எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஐந்தாறு பாடங்களைக் கணக்கு வரை ஆழமாகப் படிப்பதே மேல். நொதி வினைவேகம், கரைசல் செறிவு, நீர்த்தல், மெண்டல் விகிதம் ஆகிய கணக்குகளைப் பலர் தவிர்ப்பதால் அவற்றைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு முன்னிலை கிடைக்கிறது.

இந்த ஒரு தேர்வை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வின் உயிரித் தொழில்நுட்பத் தாளும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் முதுநிலைத் தேர்வும் உள்ளன. பாடத்திட்டம் பெருமளவு ஒத்துப்போவதால் தனி உழைப்பு அதிகம் தேவைப்படாது.

ஐந்தாம் படி: முடிவு வந்த பின் தனித்தனியே விண்ணப்பித்தல்

பல நிறுவனங்கள் தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பத்தைத் திறந்து, முடிவு வந்த சில நாட்களில் மூடிவிடும். ஒரு நோட்டில் நிறுவனத்தின் பெயர், கடைசித் தேதி, கட்டணம், மதிப்பெண்ணைப் பதிவேற்ற வேண்டிய நாள், தரவரிசை வெளியாகும் நாள் என்று கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே உள்ள இரண்டு இடங்கள், ஒத்துவரும் மூன்று நான்கு இடங்கள், நிச்சயம் கிடைக்கும் ஓர் இடம் என்று விண்ணப்பித்தால் கட்டணமும் வீணாகாது, கையும் காலியாகாது. முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. ஒரே மாணவர் பல இடங்களில் தேர்வாகி ஓர் இடத்தில்தான் சேர முடியும் என்பதால் காத்திருப்போர் பட்டியல் இந்தப் படிப்புகளில் நன்றாகவே நகரும்.

இடம் கிடைத்தால், பணம் கட்டுவதற்கு முன் அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். நான்காம் பருவ ஆய்வுத் திட்டத்தை வெளி நிறுவனத்தில் செய்ய அனுமதிக்கிறார்களா? செய்முறை வகுப்பில் எத்தனை பேருக்கு ஒரு கருவி? கடந்த ஆண்டு முடித்தவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள்? இணையதளத்தில் உள்ள கருவிப் படங்களைவிட இந்தப் பதில்கள் மதிப்பு மிக்கவை.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளி மாநிலம் செல்பவர்களுக்கு மாற்றுச் சான்றிதழோடு மைக்ரேஷன் சான்றிதழும் தேவை. இறுதிப் பருவ முடிவு தாமதமாகும் பல்கலைக்கழகங்களில் இதுவே தலைவலி. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து முடிவு எதிர்பார்க்கப்படும் தேதி குறித்த கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தால், சேரும் நிறுவனம் தற்காலிகச் சேர்க்கை தர வாய்ப்புண்டு.

உதவித்தொகையும் அதற்குப் பின் வரும் இரண்டு ஆண்டுகளும்

இந்த வழியில் சேர்பவர்களுக்கு டி.பி.டி. மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது: எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பத்துக்கு 5,000 ரூபாய், எம்.எஸ்சி. வேளாண் உயிரித் தொழில்நுட்பத்துக்கு 7,500, எம்.டெக்., எம்.வி.எஸ்சி. படிப்புகளுக்கு 12,000 என்று அறிவிப்புகளில் குறிப்பிடப்பட்டு வருகிறது. விடுதிக்கும் உணவுக்கும் இது பெரும் உதவி. ஆனால் நிதி விடுவிப்பைப் பொறுத்து சில மாதத் தொகை சேர்ந்து வருவதும் உண்டு. முதல் பருவத்துக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

சேர்ந்த பிறகு தொழிற்சாலை வேலையை எண்ணுபவர்கள் முதல் பருவத்திலிருந்தே ஆவணப் பழக்கத்தைக் கற்க வேண்டும். தடுப்பூசி நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேரும் புதியவரிடம் முதலில் பார்க்கப்படுவது அவருடைய ஆய்வுக் குறிப்பேடுதான். எண் தவறாகிவிட்டால் அதன் மேல் எழுதித் திருத்துவதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது. பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் காரணமும் இட வேண்டும். சோதனையைச் செய்த அந்த நேரத்திலேயே எழுத வேண்டும், மாலையில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. பி.சி.ஆர். செய்யத் தெரிந்த பட்டதாரிகள் நிறைய இருக்கிறார்கள். இப்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. கல்லூரிச் செய்முறை ஏட்டையே இந்த முறையில் எழுதிப் பழகினால், நேர்காணலில் அதைக் காட்டியே பேசலாம்.

படிப்பு முடிந்ததும் நேரடியாக வேலை கிடைக்காதவர்களுக்கு டி.பி.டி.யின் தொழில் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. தேர்வாகும் மாணவர்கள் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பயோடெக் கன்சார்ஷியம் இந்தியா என்னும் நிறுவனம் இதை நடத்தி வந்திருக்கிறது. ஆய்வுப் பக்கம் போக விரும்புபவர்கள் மேலே சொன்ன பி.இ.டி.க்கும், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிரியல் தாளுக்கும் மூன்றாம் பருவத்திலேயே படிக்கத் தொடங்குவது நல்லது. நான்காம் பருவம் முழுவதையும் ஆய்வுத் திட்டமே எடுத்துக்கொள்ளும்.